மலையேறலாம் வாங்க, கேள்வி பதில்: ஏரியைப் பாத்தாச்சுன்னா பாதி வழிதான் முடிஞ்சிருக்கு

போன மாசம் நம்ம தோட்டத்துப் பக்கம் இருக்குற சின்னக் குன்றுகள்ல நடந்து பழகுறது எப்படின்னு எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்தையும் உக்காந்து படிச்சா பாதிக்கு மேல ஒரே ஆசைதான் தெரியுது, மலைக்கு மேல ஒரு ஏரி, அதோட கரையில போய் நிக்கணும். ரொம்ப நல்ல ஆசை. அதனால இந்த மாசம் ஏரிக் கேள்விகளுக்கும் அதை ஒட்டி வந்த கேள்விகளுக்கும் மட்டும் இடம் கொடுத்துட்டேன், மத்ததெல்லாம் அடுத்த மாசம் வரும், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: தம்பி, எனக்கு 58 வயசு. கல்யாணம் ஆன நாள்லேருந்து தோட்டத்தை வித்துட்டுப் போற வரைக்கும் பால்மரம் சீவுனவ நான். மூத்த மக அமெரிக்காவுல டென்வர்ல இருக்கா, வர்ற ஜூலை மாசம் நானும் வீட்டுக்காரரும் போறோம். மருமகன் ஹேங்கிங் லேக்னு ஒரு மலை ஏரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாரு, நேஷனல் ஃபாரஸ்ட்டுக்குள்ள இருக்காம். எனக்கு இனிப்புநீர் இருக்கு, இடது முட்டி அப்பப்ப வலிக்கும். ஏறிடுவேனா? ஏறிட்டா அந்தத் தண்ணியில ஒரு முழுக்கு போடலாமா? நம்ம வீட்டுக்குப் பின்னாடி ஈயக்குட்டையில இல்லாத தண்ணியா அங்க இருக்குன்னு வீட்டுக்காரரு வேற கேக்குறாரு. – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஏறலாம்க்கா. விடியுறதுக்கு முன்னாடி எழுந்து மேடு பள்ளம் பாக்காம மரத்துக்கு மரம் நடந்த காலு உங்களோடது, அந்தக் காலை நம்புங்க. ஆனா ரெண்டு மூணு விஷயத்தை இப்பவே ஆரம்பிக்கணும், ஜூலை வரைக்கும் தள்ளிப் போடக் கூடாது.

மொதல்ல வழி எப்படின்னு சொல்லிடறேன். அந்த ஏரி கொலராடோ மாநிலத்துல க்ளென்வுட் கேன்யன்னு ஒரு ஆழமான பள்ளத்தாக்குல, வைட் ரிவர் நேஷனல் ஃபாரஸ்ட்டுக்குள்ள இருக்கு. கீழேருந்து ஏரி வரைக்கும் ஒரு வழிக்கு 2 கிலோமீட்டர்தான். 2 கிலோமீட்டர்தானேன்னு நெனச்சுடாதீங்க, அதுக்குள்ளயே 300 மீட்டருக்கு மேல உசரம் ஏறியாகணும், வழி பூரா கல்லும் பாறையும், கடைசித் துண்டு நெட்டுக்குத்தா போகும், கைப்பிடி கம்பி போட்டு வச்சிருக்காங்க. அதோட அங்க காத்து லேசு. டென்வர் ஊரே 1,600 மீட்டர் உசரத்துல இருக்கு, அதாவது நம்ம கேமரன் மலை தானா ராத்தாவை விட உசரம், ஏரி இன்னும் மேல, 2,200 மீட்டர் பக்கம். அதனால பிளைட்டை விட்டு இறங்குன மறுநாளே கிளம்பிடாதீங்க, மக வீட்டுல நாலஞ்சு நாளாவது இருந்து, தண்ணி நல்லா குடிச்சு, தினம் கொஞ்சம் வெளிய நடந்து, ஒடம்பு அந்தக் காத்துக்குப் பழகுனதுக்கப்புறம் போங்க. தலைவலியோ குமட்டலோ இருக்குற அன்னிக்கு மலை வேணாம்.

இனிப்புநீர் விஷயம். கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போறப்ப டாக்டர்கிட்ட இந்தப் பயணத்தைப் பத்திச் சொல்லுங்க. மாத்திரையிலயும் ஊசியிலயும் சிலது இருக்கு, அதைப் போட்டுக்கிட்டு நிறைய நடந்தா சீனி ரொம்ப இறங்கிடும், நடக்குற அன்னிக்கு அளவு எப்படின்னு அவங்கதான் சொல்லணும். பையில மிட்டாயோ சீனி போட்ட தண்ணியோ எப்பவும் இருக்கட்டும், அந்தப் பை மருமகன் தோள்ல இல்லாம உங்க தோள்லயே இருக்கணும், ஏன்னா அவரு முன்னாடி போயிட்டாருன்னா உங்களுக்கு வேணுங்குற நேரத்துல கைக்குக் கிடைக்காது. சப்பாத்து புதுசா வாங்கி அங்க போய்ப் போடாதீங்க, இங்கயே ஒரு மாசம் போட்டு நடந்து பாருங்க, ராத்திரி காலடியை லைட்டு வெளிச்சத்துல பாத்து எங்கயாவது தோல் உரிஞ்சிருக்கா கொப்பளிச்சிருக்கான்னு தடவிப் பாருங்க, இனிப்புநீர் உள்ளவங்களுக்குப் புண்ணு வந்தது சில நேரம் வலியே தெரியாது.

முட்டிக்கு வருவோம். எல்லாரும் ஏறுறதை நெனச்சுத்தான் பயப்படுறாங்க, ஆனா முட்டி வலி வர்றது இறங்குறப்பதான். ஏரியைப் பாத்த சந்தோஷத்துல எல்லாம் முடிஞ்சதுன்னு காலு தளர்ந்திருக்கும், அந்த நேரம் பாத்து உருளைக்கல்லுல கால வச்சா சுளுக்கிடும். அதனால உங்ககிட்ட இருக்குற தெம்பை ஏறுறதுக்குப் பாதி, இறங்குறதுக்குப் பாதின்னு இப்பவே பிரிச்சு வச்சிடுங்க. ஒரு ஊன்றுகோல் கண்டிப்பா வேணும். பழகுறதுக்கு உங்களுக்குப் பக்கத்துலயே ஈப்போ கிளேடாங் மலை இருக்கு, தார் ரோடு மேல கோபுரம் வரைக்கும் போகுது, காலையில எத்தனை தாத்தா பாட்டிங்க ஏறுறாங்கன்னு போய்ப் பாருங்க. மொதல் வாரம் கால்வாசி ஏறி இறங்குங்க, அப்புறம் பாதி, இறங்குறப்ப ஓடாம, அடிமேல அடி வச்சு, முட்டியை லேசா மடக்கி இறங்கிப் பழகுங்க.

சும்மா போய் நின்னா உள்ள விட மாட்டாங்கக்கா, முன்கூட்டியே இணையத்துல நாளும் நேரமும் பதிஞ்சு பெர்மிட் எடுத்திருக்கணும். ஒரு நாளைக்கு இத்தனை பேருதான்னு கணக்கு வச்சிருக்காங்க, 2019லேருந்து இந்த ஏற்பாடு. மருமகன்கிட்டச் சொல்லி காலையில முதல் நேரமா எடுக்கச் சொல்லுங்க, ஏன்னா ஜூலை மாசம் அந்த மலைப்பக்கம் மத்தியானத்துக்கு மேல இடி மின்னலோட மழை வர்றது சகஜம். 2020ல அந்தப் பள்ளத்தாக்குல பெரிய காட்டுத்தீ, மரமெல்லாம் எரிஞ்சு மண்ணைப் பிடிச்சு வைக்க வேர் இல்லாமப் போச்சு, அடுத்த வருஷம் ஜூலையில மழை கொட்டுனப்ப மண்ணு சரிஞ்சு நெடுஞ்சாலையையே மூடிடுச்சு, ஏரிக்குப் போற பாதையும் சேதமாகி 2022லதான் மறுபடி திறந்தாங்க. வெள்ள எச்சரிக்கை வந்தா பாதையை மூடிடுவாங்க, அப்படி மூடுனா மருமகன்கூட வாக்குவாதம் பண்ணாம வீட்டுக்குத் திரும்பிடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி பாதை திறந்திருக்கான்னும் ஒரு தடவை பாத்துடச் சொல்லுங்க.

முழுக்கு மட்டும் முடியாதுக்கா. காலைக்கூட நனைக்கக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, தண்ணிக்குள்ள விழுந்து கிடக்குற மரத்துமேல நடக்கக் கூடாது. காரணம் இருக்கு. அந்தத் தண்ணி சுண்ணாம்புப் பாறைக்குள்ள ஊறி, சுண்ணாம்பைக் கரைச்சுக்கிட்டு வந்து மேலேருந்து விழுது, விழுந்து வழியுறப்ப அந்தச் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமா விளிம்புல படிஞ்சு படிஞ்சு கல்லாயிடுது, அந்தக் கல்லு வரப்புதான் ஏரித் தண்ணியையே தாங்கிப் பிடிச்சு நிக்குது. நம்ம தோல்ல இருக்குற எண்ணெய்ப் பசை அந்தத் தண்ணியில கலந்தா அது படியுறது கெட்டுப்போகும். பச்சையும் நீலமும் கலந்த அந்த நெறம்கூட அந்தச் சுண்ணாம்பு கலந்த தண்ணியாலதான். 2011ல அதைத் தேசிய இயற்கைச் சின்னமாவே அறிவிச்சுட்டாங்க. அண்ணன்கிட்டச் சொல்லுங்க, ஈயக்குட்டை நம்ம ஆளுங்க தோண்டி உண்டானது, இது தன்னோட கரையைத் தானே கட்டிக்கிட்ட ஏரி, பாக்க வேண்டியதுதான். முழுக்கு போட்டே ஆகணும்னா கிட்டத்துலயே க்ளென்வுட் ஸ்ப்ரிங்ஸ் ஊர்ல வெந்நீர் ஊற்றுல கட்டுன பெரிய குளம் இருக்கு, 1888லேருந்து ஜனங்க குளிக்கிறாங்க, மலை இறங்கி வந்த முட்டிக்கு அதை விட நல்லது வேற இல்ல.

இன்னொன்னு, நேஷனல் ஃபாரஸ்ட்டும் நேஷனல் பார்க்கும் ஒன்னுன்னு நிறைய பேரு நெனச்சுக்கிறாங்க. அமெரிக்காவுல நேஷனல் ஃபாரஸ்ட் விவசாய அமைச்சுக்குக் கீழ வருது, அங்க மரம் வெட்டவும் மாடு மேய்க்கவும் அனுமதி கொடுத்து, மலையேறுறவங்களுக்கும் திறந்து விடுவாங்க. பார்க்குன்னா அப்படியே காப்பாத்தி வைக்கிறதுக்கு. இந்த வைட் ரிவர் காடு 1891லயே ஒதுக்கி வச்ச காடு, அங்க ஒதுக்குன காடுகள்ல ரொம்பப் பழசான சிலதுல ஒன்னு. நம்ம நாட்டுக் கணக்குல பாத்தா ஹுத்தான் சிம்பான், அதாவது அரசாங்கம் ஒதுக்கி வச்ச காடு, அதுக்குக் கிட்ட வரும்.

கேள்வி: அண்ணே, நாங்க நாலு பேரு, எல்லாரும் ஃபேக்டரியில ஷிப்டு வேலை, வாரத்துக்கு ரெண்டு தடவை ஃபுட்பால் ஆடுவோம். இந்தோனேசியாவுல லொம்போக் தீவுக்குப் போய் ரிஞ்சானி மலை ஏறி அந்த செகாரா அனாக் ஏரிக்கரையில டெண்டு போட்டுத் தங்கணும்னு பிளான். ஒரு ஏஜெண்டு 2 நாள் 1 ராத்திரி பேக்கேஜ் சொல்றான், விலையும் கம்மியா இருக்கு. எடுக்கலாமா? பூகம்பம் வரும்னு அம்மா பயப்படுறாங்க. – வாசகர், பீடோர்

பதில்: தம்பிங்களா, காசைக் கட்டுறதுக்கு முன்னாடி ஏஜெண்டுகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, இந்த 2 நாள்ல ஏரிக்கு இறங்குறோமா இல்லையா? பெரும்பாலும் 2 நாள் பேக்கேஜ்னா மலை விளிம்பு வரைக்கும் போய் மேலேருந்து ஏரியைப் பாத்துட்டு, தெம்பு இருந்தா உச்சிக்குப் போய்ட்டு இறங்குறதுதான். ஏரிக்கரைக்கே போகணும்னா 3 நாள் 2 ராத்திரியாவது வேணும். அவன் 2 நாள்ல ஏரியும் உச்சியும் ரெண்டும் காட்டுறேன்னு சொன்னா அந்த ஆளை விட்டுட்டு வேற ஆளைப் பாருங்க.

ஏன்னு சொல்றேன். சாதாரணமா மலையில நீங்க ஏறுவீங்க, இடத்தைப் பாப்பீங்க, இறங்கிடுவீங்க. ரிஞ்சானியில அப்படி இல்ல. அந்த ஏரி எரிமலை வாய்க்குள்ள இருக்கு. 1257ல அங்க ஒரு எரிமலை வெடிச்சு மலையோட நடுப்பகுதியே உள்ள இடிஞ்சு விழுந்துச்சு, அந்தப் பள்ளத்துலதான் இந்த ஏரி. அதனால செம்பாலுன் கிராமத்துலேருந்து நாள் பூரா ஏறி 2,639 மீட்டர்ல இருக்குற விளிம்புக்கு வந்து சேரணும், அங்கேருந்து 600 மீட்டர் உள்பக்கமா இறங்குனாத்தான் ஏரி, ஏரி இருக்குறது 2,000 மீட்டர்ல. ஏரியில குளிச்சு, பக்கத்துல ஆயிக் காலாக் வெந்நீர் ஊற்றுல படுத்து எழுந்து, மீன் சுட்டுச் சாப்பிட்டு, ஒடம்பெல்லாம் தளர்ந்து கிடக்குறப்ப மறுநாள் காலையில மறுபடி அந்த 600 மீட்டரை நெட்டுக்குத்தா ஏறி வெளிய வந்தாகணும், அதுக்கப்புறம்தான் ஊருக்கு இறங்குறதே. நிறைய பேரு விழுறதும் அழுறதும் அங்கதான். உச்சி 3,726 மீட்டர், அதுக்கு நடுராத்திரி தாண்டி ரெண்டு மணிக்கெல்லாம் கிளம்புவாங்க, கடைசியில பொடிக்கல்லுச் சரிவு, ரெண்டடி வச்சா ஒரு அடி பின்னாடி சறுக்கும். உங்களுக்கு ஏரிதான் ஆசைன்னா உச்சியை விட்டுடுங்க. நான் முழு மனசோட சொல்றேன், மொதல் தடவை ஏரி மட்டும் போதும், தெம்பும் மிச்சமாகும், ஏரிக்கரையில ஒரு ராத்திரி நிம்மதியாவும் இருப்பீங்க.

ஃபுட்பால் ஆடுறது மூச்சுக்கு நல்லது, ஆனா மலைக்கு அது பத்தாது. 10 கிலோ பையைத் தூக்கிட்டு ஏழெட்டு மணி நேரம் நடக்குறது வேற மாதிரி வேலை. மூணு மாசம், வாரத்துக்கு ஒரு நாளாவது பையோட மலை ஏறுங்க, ஷிப்டு முடிச்சு தூங்காம நேரா போகாதீங்க. செம்பாலுன் பக்கம் புல்வெளி, நிழலே கிடையாது, வெயில் மண்டையைப் பொளக்கும், ராத்திரி விளிம்புல பத்து டிகிரிக்குக் கீழ இறங்கிடும், நம்ம பீடோர் காரங்களுக்கு அந்தக் குளிர் பழக்கமே இல்ல, நல்ல தடிப்பான ஜாக்கெட்டும் காஞ்ச உடுப்பு ஒரு செட்டும் பிளாஸ்டிக் பையில கட்டி வைங்க.

அம்மாவோட பயம் நியாயமான பயம். 2018 ஜூலை 29ம் தேதி காலையில 6.4 அளவுல பூகம்பம் வந்துச்சு, மலையில 500 பேருக்கு மேல மாட்டிக்கிட்டாங்க, மலையேறப் போயிருந்த நம்ம நாட்டுப் பெண் ஒருத்தரு செம்பாலுன்ல இறந்துட்டாங்க. அடுத்த வாரமே ஆகஸ்ட் 5ம் தேதி இன்னும் பெரிசு, 6.9. ஏரிக்கு நடுவுல இருக்குற பாருஜாரிங்குற எரிமலைக் கூம்பு 2015லயும் 2016லயும் புகை கக்குச்சு. எப்ப வரும்னு யாராலும் சொல்ல முடியாது, ஆனா நம்ம கையில இருக்குறது சிலது இருக்கு. அந்தத் தேசியப் பூங்காவுல முறையா பதிஞ்சு, டிக்கெட் எடுத்துத்தான் போகணும், அப்பத்தான் மலையில யாரு யாரு இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியும். ஜனவரியிலேருந்து மார்ச் வரைக்கும் மழைக்காலம்னு பாதையை மூடிடுவாங்க, அந்த நேரத்துல கள்ளத்தனமா ஏத்தி விடுறேன்னு யாராவது சொன்னா போகாதீங்க. வீட்டுல அம்மாகிட்ட எந்த நாள் எந்த இடத்துல இருப்போம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. டிராவல் இன்சூரன்ஸ் எடுக்குறப்ப மலையேற்றத்துக்கும் எத்தனை மீட்டர் வரைக்கும் செல்லும்னு கேட்டு எடுங்க, சாதா இன்சூரன்ஸ்ல அது பல நேரம் இருக்காது.

அங்க சுமை தூக்குற அண்ணன்மாரைப் பாப்பீங்க, மூங்கில் கம்புல ரெண்டு பக்கமும் கூடையைக் கட்டி, சிலிப்பரைப் போட்டுக்கிட்டு ஏறுவாங்க. நம்ம தாத்தா பாட்டி காண்டா கம்புல பால் வாளியைத் தூக்குனது அப்படித்தான். அவங்ககிட்ட மரியாதையா பேசுங்க, விலை கம்மியான பேக்கேஜ்ல மொதல்ல குறையுறது அவங்க கூலிதான், அதையும் ஏஜெண்டுகிட்டக் கேளுங்க. இன்னொரு விஷயம், அந்த ஏரி லொம்போக்ல இருக்குற பாலி இந்துக்களுக்குப் புனிதமான இடம், வருஷா வருஷம் பௌர்ணமிக்குப் போய் தங்கத்துல செஞ்ச பொருளைத் தண்ணியில போட்டு மழை வேண்டிக்கிறாங்க, பெக்கெலெம்னு சொல்லுவாங்க. லொம்போக்கோட பூர்வீக மக்களான சாசாக் ஜனங்களும் அந்த மலையை ரொம்ப மதிப்பாங்க. கோயில் குளத்துல எப்படி நடந்துப்போமோ அப்படி நடந்துக்குங்க, சோப்பு போடாதீங்க, குப்பையைப் போட்டுட்டு வராதீங்க.

கேள்வி: அண்ணா, ஃபார்ம் ஃபோர் படிக்கிறேன். லொம்போக்ல எல்லாம் மலைமேல ஏரி இருக்கு, நம்ம தீபகற்பத்துல ஏன் அப்படி ஒன்னும் இல்ல? கென்யிர் ஏரி மலை ஏரி இல்லையா? – வாசகர், கோலசிலாங்கூர்

பதில்: நல்ல கேள்வி கேட்ட தம்பி, ஜியோகிராஃபி டீச்சர்கிட்டயும் கேளு. மலைமேல தண்ணி நிக்கணும்னா ஒரு பள்ளம் வேணும், அடைப்பு வேணும். உலகத்துல பெரும்பாலான மலை ஏரிகளுக்கு அந்தப் பள்ளத்தைத் தோண்டிக் கொடுத்தது பனிப்பாறைதான், இல்லாட்டி எரிமலை வாய், இல்லாட்டி மலை சரிஞ்சு ஆத்தை அடைச்சது. நம்ம தித்திவங்சா மலைத்தொடர் ரொம்பப் பழைய கருங்கல்லு, பனிப்பாறையும் வந்ததில்ல, உயிரோட இருக்குற எரிமலையும் கிடையாது, மழைத் தண்ணி நிக்க இடம் இல்லாம ஓடையா இறங்கி ஓடிடுது. அதுக்குப் பதிலாத்தான் நமக்கு இத்தனை அருவி. கென்யிர் அணை கட்டுனதால 1980கள்ல நெறஞ்ச ஏரி, தெமெங்கோர் ஏரியும் அணையாலதான், கோலகுபு பாருவுலேருந்து ஃப்ரேசர் மலைக்கு ஏறுறப்ப தெரியுற தண்ணியும் சிலாங்கூர் ஆத்து அணைதான். இயற்கையா உண்டான பெரா, சினி ரெண்டும் பகாங்ல தாழ்வான இடத்துல இருக்கு. பெரா 1994ல நம்ம நாட்டுல மொதல்ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேர்ந்த ஈரநிலம், செமெலாய் பூர்வகுடி மக்கள் அங்க தலைமுறை தலைமுறையா இருக்காங்க. அப்பாகிட்டச் சொல்லி ஸ்கூல் லீவுல அங்க போ, படகுல போறதுக்கு மலையேறுற தெம்பும் தேவையில்ல.

கேள்வி: எங்க தோட்டத்துக்குப் பின்னாடி இருக்குற மலை, சின்ன வயசுலேருந்து ரம்புத்தான் பொறுக்கப் போன மலை, இப்ப ஏறுனா பெர்மிட் கேக்குறாங்க. எதுக்கு அண்ணே? ஆத்தோரமா டெண்டு போட்டுத் தங்கலாம்னு இருக்கோம். – வாசகர், கோலகுபு பாரு

பதில்: உங்க வருத்தம் புரியுது. ஆனா அந்த மலை ஹுத்தான் சிம்பான்குள்ள இருந்தா வனத்துறை பெர்மிட் இல்லாம நுழையுறது 1984 தேசிய வனச் சட்டம் 47ம் பிரிவுப்படி குற்றம், 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும் சேர்ந்து. மாவட்ட வனத்துறை ஆபீஸ்ல இல்லாட்டி மாநிலத்தோட இணையப் பக்கத்துல விண்ணப்பம் போடணும், மலையைப் பொறுத்து பதிவு பெத்த மாலிம் குனோங், அதாவது மலை வழிகாட்டி, கூட வரணும்னு கேப்பாங்க. பெர்மிட்டுல உங்க பேரு இருந்தா, ராத்திரி ஆகியும் நீங்க வரலேன்னா பொம்பா ஆளுங்க, அதான் தீயணைப்பு மீட்புப் படை, எந்தப் பாதையில தேடணும்னு அவங்களுக்குத் தெரியும். பேரு இல்லேன்னா எந்த மலைன்னு கண்டுபிடிக்கவே ஒரு நாள் போயிடும்.

ஆத்தோரம் டெண்டு வேணாம் தம்பி, தயவு செஞ்சு வேணாம். கோலகுபுல வளந்த உங்களுக்கு கெப்பாலா ஆயர், அதான் மேலேருந்து திடீர்னு பாஞ்சு வர்ற வெள்ளம், தெரியாம இருக்காது, நீங்க நிக்குற இடத்துல வெயில் அடிக்கும், மேல மலையில மழை கொட்டியிருக்கும், தண்ணி திடீர்னு கலங்கி இலையும் குச்சியுமா வர ஆரம்பிச்சா சாமானை எடுக்கக் கூட நிக்காம மேட்டுக்கு ஏறிடணும். மலைச்சரிவுக்கு அடியிலயும் தங்காதீங்க. 2022 டிசம்பர் 16ம் தேதி விடியக்காலம் பத்தாங்காலியில முகாம் போட்டிருந்தவங்க மேல மண்ணு சரிஞ்சு 31 பேரு போயிட்டாங்க, அதுல புள்ளைங்களும் இருந்தாங்க. அந்தக் காலையில இந்தப் பக்கம் எல்லா வீட்டுலயும் டிவி முன்னாடி அழுதுக்கிட்டு உக்காந்திருந்தோம், அதை மறந்துட்டு நான் எதையும் எழுத முடியாது. காலையில போய் மத்தியானத்துக்குள்ள இறங்குற மாதிரி வச்சுக்குங்க.

கேள்வி: என் மக 22 வயசு, மலையேறுற குழுவுல சேந்திருக்கா, ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாரும் இருக்காங்க. அடுத்த மாசம் ராத்திரி தங்குற மாதிரி ஏதோ மலைக்குப் போறாளாம். சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசுறாங்க. விடலாமா? – ஒரு தாய், தெலுக் இந்தான்

பதில்: அம்மா, சொந்தக்காரங்க பேச்சுக்கு ஒரு அளவு கிடையாது, வேலைக்குப் போனாலும் பேசுவாங்க, வீட்டுல இருந்தாலும் பேசுவாங்க. நீங்க கேக்க வேண்டியது வேற. குழுத் தலைவரு யாரு, எத்தனை வருஷமா கூட்டிட்டுப் போறாரு, பெர்மிட் எடுத்தாச்சா, மாலிம் யாரு, கூட வர்ற பொண்ணுங்க எத்தனை பேரு, டெண்டு யாரோட, முதலுதவி யாருக்குத் தெரியும், எத்தனை மணிக்கு ஏரிக்கோ உச்சிக்கோ போய்ச் சேரலேன்னா திரும்பிடுவாங்க. கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம்மா. அதுக்கு ஒரு நேரம் சொல்லத் தெரிஞ்ச தலைவரு நல்ல தலைவரு, எப்படியாச்சும் போய்ச் சேந்துடுவோம்னு சொல்ற ஆளோட அனுப்பாதீங்க, ஏன்னா ஏரியைப் பாக்காமத் திரும்புற ஏமாத்தம் ரெண்டு நாள்ல போயிடும், இருட்டுல மலையில மாட்டிக்கிட்டா அது வேற கதை. பதில் எல்லாம் சரியா இருந்தா சந்தோஷமா அனுப்புங்க. முடிஞ்சா அந்தக் குழு போற சின்ன நடை ஒன்னுக்கு நீங்களும் கூடப் போங்க, அவங்க எப்படிப் பழகுறாங்கன்னு உங்க கண்ணாலயே பாத்துக்கலாம், மகளுக்கும் அது பெருமையா இருக்கும்.

கேள்வி: 400 வெள்ளி கொடுத்து மலையேறுற சப்பாத்து வாங்கணுமா? அட்டைக்கு என்ன செய்றது? – வாசகர், தாப்பா

பதில்: வாங்க வேணாம். கம்போங் அடிடாஸ்னு சொல்ற அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து, சீவுறவங்க தோட்டத்துல போட்டுக்கிட்டு நடந்தது, சாமான் கடையில சில வெள்ளிக்குக் கிடைக்கும், நம்ம மழைக்காட்டுச் சேத்துக்கு அதோட பல்லு மாதிரி பிடிக்கிறது எதுவும் இல்ல, பெரிய பெரிய மலையேறிங்களும் மாலிம்களும் அதைத்தான் போடுறாங்க. தண்ணி உள்ள போனாலும் கொட்டிட்டு நடக்கலாம். ஒரு அளவு பெரிசா வாங்கி தடிப்பான சாக்ஸ் போட்டு நடங்க, பாதம் மெத்துன்னு இருக்காது, அதனால கல்லுப் பாதைக்கும் குளிரான வெளிநாட்டு மலைக்கும் அது சரிப்படாது.

அட்டைக்கு நீள சாக்ஸை பேண்டு மேல இழுத்து விட்டு கட்டிடுங்க. ஒட்டிக்கிச்சுன்னா நெருப்பு வைக்காதீங்க, உப்பும் போடாதீங்க, அது குடிச்சதைப் புண்ணுக்குள்ளயே கக்கிடும். நகத்தை வாய்க்கு அடியில விட்டு நெம்பி எடுத்து, கழுவி, அமுக்கிப் பிடிங்க. ரத்தம் உறையாம இருக்க அது ஒரு பொருளை உள்ள விட்டிருக்கும், அதனாலதான் ரொம்ப நேரம் கசியுது, பயப்பட ஒன்னும் இல்ல. அட்டையை விட கவலைப்பட வேண்டியது எலி மூத்திரம் கலந்த தண்ணியால வர்ற எலிக்காய்ச்சலுக்குத்தான். கால்ல வெட்டுக்காயம் இருந்தா பிளாஸ்டர் போடாம ஓடையில இறங்காதீங்க, தண்ணியைக் கொதிக்க வைக்காம குடிக்காதீங்க, போய்ட்டு வந்து ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்து கெண்டைக்கால் வலிச்சா, காட்டுக்குப் போனதை டாக்டர்கிட்ட நீங்களே வாயைத் திறந்து சொல்லிடுங்க, சொன்னாத்தான் அந்த டெஸ்டு எடுப்பாங்க.

கேள்வி: மலைக்கு என்ன சாப்பாடு கட்டிட்டுப் போகலாம்? – வாசகி, சுங்கை பூலோ

பதில்: புளிச்சோறு. நாசி லெமாக் கட்டுனா தேங்காய்ப்பால் இருக்கு பாருங்க, நம்ம வெக்கையில மத்தியானத்துக்குள்ள ஊசிப் போயிடும், அதனால அதை அடிவாரத்துலயே பசியாறிடுங்க. பேரிச்சம்பழம், கச்சான், வாழைப்பழம் பையில இருக்கட்டும். இறங்கி வர்றப்ப சாப்பிட ஒரு பொட்டலம் தனியா ஒதுக்கி வைங்க, மேலயே எல்லாத்தையும் காலி பண்ணிடாதீங்க. குரங்கு இருக்குற இடத்துல பிளாஸ்டிக் பையைக் கையில பிடிச்சுக்கிட்டு நடக்காதீங்க, பிடுங்கிட்டு ஓடிடும், எல்லாத்தையும் முதுகுப் பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்து மூடிடுங்க.